கண்ணாயியைக் கடித்த நாய்

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
டிசம்பர் 15

அன்புள்ள அருள்மொழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் நீ மூன்று முறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று பொய் சொல்ல விருப்பமில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கிட்டு என்னைத் தேற்றத் தொடங்குவாய், எனக்கோ நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டியிருந்தது. மிளகு இந்த ஆண்டு பரவாயில்லை. காப்பகத்தில் இப்போது பதினெட்டு நாய்களும் லாரி மோதிய ஒரு கன்றும் இருக்கின்றன. பனி நண்பகலில்கூட விலகுவதில்லை.

நம் காப்பகத்தில் சமைக்கும் கண்ணாயியை நவம்பர் 24 அன்று ஒரு கறுப்பு நாய் கடித்துவிட்டது. நம்முடைய நாயல்ல; காது நுனி வெட்டப்பட்டிருந்ததால், யாரோ எங்கோ கருத்தடை செய்து விட்ட நாய் என்பது மட்டும் தெரிந்தது. கஞ்சிப் பானையை முகர வந்ததை விரட்டப் போய், வலது கையில் இரண்டு பற்கள் ஆழமாக இறங்கிவிட்டன. வலியில் அவளும் கொதிக்கும் கஞ்சியைக் கரண்டியால் அள்ளி அதன்மேல் வீசியிருக்கிறாள். கால் மணி நேரம் சோப்பு போட்டு அவள் கையைக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் முதல் ஊசியையும், மூன்றாம் நாள் இரண்டாவது ஊசியையும் போடவைத்தேன். நான்காம் நாள் நம் வேன் ஓட்டும் அர்த்தநாரி, காது நுனி வெட்டிய ஒரு கறுப்பு நாயைப் பிடித்து வந்தான். வாயில் நுரை, கால்களில் தள்ளாட்டம். கடித்த நாயின் முகத்தைக் கடிபட்டவர் மறுபடி பார்க்கக் கூடாது என்பது கண்ணாயி வீட்டு வழக்கம். ஆகவே அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, நெறம் என்னங்க, காது எப்படீங்க என்று கேட்டாள். நாங்கள் சொன்னோம். அப்ப அதேதானுங்க என்றாள். வெறி பிடித்த நாய் பத்து நாளுக்குள் செத்துவிடும்; அதனால் கடித்த நாயைப் பத்து நாள் கூண்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் வாசலில் ஊரார் தடிகளோடு நின்றார்கள், நாயும் அன்றிரவைத் தாண்டாது போலிருந்தது. கால்நடை மருத்துவர் ஜான்பீட்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையொப்பமிட்டேன். கருணைக் கொலை என்று அந்தப் படிவத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒரு சொல்லுக்கு மட்டும் நான் உறுதி சொல்ல முடியும். சுவரைப் பார்த்தபடியே கண்ணாயி அதன் மூச்சு நின்றதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழையில், மலையிலிருந்து இறங்கும் காரவள்ளிச் சாலை சரிந்திருந்ததால் பரிசோதனைக்கு எதையும் அனுப்ப முடியவில்லை. பின்புறம் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

ஏழாம் நாள் மூன்றாவது ஊசிக்குக் கூப்பிட்டேன். ஊசி போட்டுத்தானுங்கம்மா அதையக் கொன்னீங்க, அரை நிமிசத்துல அடங்கிருச்சு, இப்ப எனக்குமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நான் விலங்கியல் வகுப்பே எடுத்தேன். கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவள் சொல்லை, அரை நிமிடம் தன் காதால் கேட்ட ஓர் ஓசை தோற்கடித்துவிட்டது.

பதினாறாம் நாள் மாலை நான்கு மணிக்கு நம் பதினெட்டு நாய்களும் ஒரே நேரத்தில் குரைப்பதை நிறுத்தின. நீ இங்கே தங்கியிருக்கிறாய், அந்த இடத்தின் இரைச்சல் உனக்குத் தெரியும். ஆகவே அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். வெளிக்கதவுக்கு அப்பால், பனிக்குள், காது நுனி வெட்டிய கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அர்த்தநாரி ஓடிப்போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்து, போட்ட சுண்ணாம்பு போட்டபடியே இருக்குதுங்கம்மா என்றான். மறுநாள் அதே நேரம், அதே இடம். அதற்கடுத்த நாளும் அப்படியே. பேய்க்கு ஊசி போடவும் டாக்டரையே கூப்பிடட்டுங்களா என்று அர்த்தநாரி கேட்டான். அவன் குரலில் கேலி பாதிதான் இருந்தது. கண்ணாயியோ, என்னையக் கூட்டிப்போக வந்திருக்குதுங்க, நான் சொன்னதுலதான அதையக் கொன்னீங்க என்றாள். அன்று காலையிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். சொம்பை நீட்டினேன். பாத்தாலே தொண்டை அடைக்குதுங்கம்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருள்மொழி, நான் பேய்க்குப் பயந்தவளல்ல. ஆனால் நாய்க்கடி பட்டவள் தண்ணீரைக் கண்டு முகத்தைத் திருப்பினால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அது வந்த பிறகு எந்த மருந்தாலும் பயனில்லை என்பதும் தெரியும். பயத்தால் தொண்டை அடைத்ததா நோயால் அடைத்ததா என்று அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒரே முகம்தான். இருந்த இடத்தில் இருக்க முடியாமல் ஒரு தட்டுச் சோற்றை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து அந்த நாயிடம் போனேன். அது எழுந்து வாலை ஆட்டியது. இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து, புதுத் தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. கஞ்சி பட்ட புண். நாங்கள் புதைத்த நாயின் தோள் முழுதாக இருந்தது. அதைக் குழியில் இறக்கியபோது என் கையால்தான் தடவிக்கொடுத்தேன்; கஞ்சியின் நினைவு அப்போது எனக்கு வரவில்லை.

கடித்த நாய் பதினெட்டு நாள் கழித்தும் கொழுகொழுவென்று இருக்கிறதென்றால் கண்ணாயிக்கு அந்த நோய் இல்லை. இதை அவளிடம் சொல்லிப் பயனில்லை என்பதால், நாயை உள்ளே கட்டி, ஒரு சட்டி தண்ணீர் வைத்து, அவள் தோளைப் பிடித்து வழக்கத்துக்கு மாறாக அதன் முகத்துக்கு நேரே திருப்பி நிறுத்தினேன். நாய் சட்டியைக் காலி செய்தது. கண்ணாயி நெடுநேரம் அதைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், பிறகு சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், அப்ப நாம கொன்னது யாருங்கம்மா என்று.

எது என்று கேட்கவில்லை, யாரு என்றுதான் கேட்டாள். யாரோ வைத்த விஷத்தைத் தின்று தள்ளாடிய நாயாக இருக்கலாம் என்கிறார் ஜான்பீட்டர். அர்த்தநாரி சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் விசாரித்தான். நாயைக் காணவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாயி தினமும் அந்தக் குழியருகே இலையில் ஓர் உருண்டை களி வைக்கிறாள். காலையில் இலை சுத்தமாக இருக்கிறது. கீரியாக இருக்கும்.

உன்னிடம் ஒரு வேலை. மே மாதம் வந்தபோது நீ கண்டதையெல்லாம் படமெடுத்துத் தள்ளினாய். அவற்றில் எங்காவது, யாருடைய காலடியிலாவது, காது நுனி வெட்டிய ஒரு கறுப்பு நாய் நிற்கிறதா என்று பார். நின்றால் அந்த ஆளின் முகம் தெரியும்படி பெரிதாக்கி அனுப்பு. நான் போய்ச் சொல்ல வேண்டும். என்னைத் தேற்றி எதுவும் எழுதாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். படங்களை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மைதிலி