காலை எட்டுக்குச் செத்த சான்றிதழ்

வியாழன், 12 ஜூன் 2025, மாலை 5.40. கணினி இரண்டு, சான்றிதழ் ஒன்று.

பெக்கான் நானாஸ். மழை வரும்போல் இருட்டியது, வரவில்லை. அன்னாசித் தொழிற்சாலையில் கணினி வேலை. எடைமேடைக் கணினியில், ஜாவா என்ற இயக்குநிரலின் மேல் ஓடும் மென்பொருள்தான் லாரி எடையைத் தலைமையகச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அசல்தான் என்று காட்டும் பழைய சான்றிதழ் வெள்ளி 00:00-க்குக் காலாவதி, அப்போதே புதியது மாறும். புதியதை, எடைமேடைக் கணினியில் ஜாவா நம்பும் சான்றிதழ் பட்டியலில் சேர்த்தாயிற்று. மாதக் கடைசியில் மட்டும் அனுப்பும் அலுவலகக் கணினி பிறகு. ஐந்து நிமிட வேலை.

எடைமேடை கிளார்க் மகேஸ் அக்காவின் நச்சரிப்பு வேறு.

"நாளைக்கு நாலு மணிக்கு நான் கெளம்பணும் தம்பி. மகளப் பொண்ணு பார்க்க வர்றாங்க. கவுத்துடாத."

"நான் செஞ்சா ஓடும்க்கா."

"அதான் பயமா இருக்கு."

வெள்ளி, 13 ஜூன். வெயில்.

காலை 7. ஓடுகிறது. பீற்றிக்கொண்டேன். அக்காவிடமிருந்து தின்ன ஒரு கறிப்பாப்.

8. நின்றது. சர்வரை நம்ப மாட்டேன் என்கிறது. தலைமையகக் குறிப்பில் இருந்த 00:00 கிரீன்விச் நேரமாம். நமக்குக் காலை எட்டு. ஏழு மணிக்கு ஓடியது பழைய சான்றிதழ். முட்டாள் நான். சேர்த்து வைத்த புதியதை ஏன் ஏற்கவில்லை என்றுதான் தெரியவில்லை.

வாசலில் லாரி வரிசை. ஓர் ஓட்டுநர்: "பாஸ், கம்பியூட்டர் அழுகாது, பழம் அழுகிடும் லா!"

அக்கா கையால் எடைச்சீட்டு எழுதத் தொடங்கினார். அத்தனையும் பிறகு கணினியில் ஏற்ற வேண்டும். அதுவரை கிளம்ப முடியாது.

மேலாளர்: "அந்தச் சான்றிதழ் செக்கிங்க ஆஃப் பண்ணிடு லா." மாட்டேன் என்றேன். ஆஃப் செய்தால், நான்தான் சர்வர் என்று எவன் சொன்னாலும் எடைக் கணக்கு அவனிடம் போகும். அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். தலை நிமிராமல், "நீ ஒழுங்காவே பண்ணு. நான் எழுதுறேன்."

2.50. கண்டேன். மென்பொருள் தன் கோப்புறைக்குள் தனக்கென்று வேறொரு ஜாவா வைத்திருக்கிறது. அதற்குத் தனிப் பட்டியல். நான் சேர்த்தது அது எட்டிக்கூடப் பார்க்காத பட்டியலில். இதில் சேர்த்து, மறுபடி தொடங்கினேன். ஓடியது.

3.40. ஒரு கட்டுச் சீட்டோடு அக்கா உட்காரப் போனார். நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.

"போங்கக்கா. நான் தட்டுறேன்."

"என் கையெழுத்து உனக்கு வெளங்காது."

"வெளங்கும். போங்க லா!"

"ஏழையும் ஒண்ணையும் பார்த்துப் போடு, மக்கு." தலையில் ஒரு தட்டு. பூ வாங்கவேண்டும் என்று ஓடினார்.

இனி:

1. மிச்சச் சீட்டுகள்.
2. அலுவலகக் கணினியில் எந்த ஜாவா ஓடுகிறது என்று முதலில் பார்க்க. பிறகு சேர்க்க.
3. அடுத்த காலாவதியை நம் நேரத்தில் எழுதி ஒட்ட.
4. என்ன ஆச்சு என்று அக்காவுக்குப் போன் பண்ணக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வருவதே ஏழு மணிக்கு. ஒன்பது வரை பொறுக்க.
5. எட்டரை போதும்.