என் நீண்ட ஒருசந்தி

11 மார்ச் 2025, செவ்வாய்

தவக்காலம் எனக்கு எவ்வளவு வசதி! "ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான்" என்று சொன்னால் போதும், ஊர்காவற்றுறையில் ஒருவரும் சாப்பிடு என்று வற்புறுத்த மாட்டார்கள். மற்ற மாதங்களில் எத்தனை பொய் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று பக்கத்து வீட்டு மரியநாயகி மாமி அம்மாவிடம், "அஞ்சலா, உம்மடை பிள்ளைக்குத் தேவ அழைத்தல்தான். எந்த மடத்துக்கு அனுப்பப் போறீர்?" என்று கேட்டார். அம்மாவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்! நான் கன்னியாஸ்திரியாம். சிரிப்பதா அழுவதா?

நான் வேண்டுவது ஒன்றுதான். சட்டைக்குள் துருத்தும் இந்த நெஞ்சு தட்டையாகிப் போகட்டும்.

23 மார்ச், ஞாயிறு

என் கொப்பியிலேயே எழுத ஏன் பயம்? எழுதுகிறேன்: நான் பெண் இல்லை. ஆண் என்று சொல்லிப் பார்த்தாலும் முழுதாகப் பொருந்தவில்லை. ஜெனீற்றா என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது. இருபது வயதாகிவிட்டது.

சாப்பிடாமல் இருந்தால் உடம்பு என் சொல்லைக் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பூசையில் எழும்பும்போது கண் இருண்டது. நிம்மதியும் வரவில்லை.

5 ஏப்ரல், சனி

உயிர்த்த ஞாயிறுக்குச் சட்டை தைக்க அம்மா அளவெடுத்தார். ஊருக்கெல்லாம் தைப்பவர், எல்லாருடைய அளவும் அவருடைய கொப்பியில் இருக்கும். நாடாவைச் சுற்றினார், டிசம்பரில் நத்தாருக்கு எடுத்த அளவைப் பார்த்தார், மறுபடி சுற்றினார்.

"நாங்களும்தானே ஒருசந்தி இருக்கிறம். இது ஒருசந்தி இல்லைப் பிள்ளை. என்ன செய்யிறாய் உனக்கு?"

ஒழுங்காகச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்தேன் — எல்லாம் போச்சு. "இந்த உடம்போட இருக்க ஏலாதம்மா. நான் பொம்பிளைப்பிள்ளை இல்லை. அதுதான் சாப்பிடுறேல்லை." அழுகைதான் வந்தது.

அம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

6 ஏப்ரல்

அம்மா என் முகத்தைப் பார்க்காமலே பூசைக்குப் போய்விட்டார். ஏன் சொன்னனான்? ஏன்?

8 ஏப்ரல், செவ்வாய்

அப்பா கடலால் வந்ததும் விற்க வைத்த மீனில் ஒரு கோர்வை ஓராவைக் குசினியில் கொண்டுவந்து வைத்தார். "இதுக்கு ஓரா எண்டால் விருப்பம்," என்று அம்மாவிடம் சொன்னார். மகளுக்கு என்று சொல்லவில்லை; அம்மா அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டார் என்று விளங்கியது.

நான் நாலு வாய் சாப்பிடும்வரை அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. நன்றி, அப்பா. நேரே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

11 ஏப்ரல், வெள்ளி

அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் மண்டைதீவைக் கடக்கும்போது மெல்லச் சொன்னார்: "தேவ அழைத்தல் எண்டு ஊரெல்லாம் பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சன். எனக்கெல்லோ கண் தெரியேல்லை."

டொக்டர் கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்தார். ஒருசந்தி இனி எனக்கு இல்லை என்றும் சொன்னார்.

20 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

பெண்கள் போடும் சட்டை இல்லை. ஆம்பிளைகள் போடும் சேட்! நெஞ்சில் இரண்டு பெரிய பொக்கற். "பொக்கற் இருந்தால் ஒண்டும் தெரியாது," என்றார் அம்மா. இதை எப்போது யோசித்தார்?

தோள் தொளதொளவென்று தொங்கியது. அளவு பிழைத்துவிட்டதோ என்று கேட்டேன்.

"பிழைக்கேல்லை. நத்தார் அளவுக்குத்தான் தைச்சனான். நீதான் திரும்பி வரவேணும்."

கோயில் வாசலில் மரியநாயகி மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன கோலம்? அப்ப மடத்துக்கு அனுப்பேல்லையோ?"

"இல்லை மாமி," என்றார் அம்மா. "குடுக்க ஏலாது. எனக்கு வேணும்."

அந்த இடத்திலேயே அம்மாவைக் கட்டிப்பிடித்திருக்கலாம். விசர், மடத்தனமாகச் சும்மா நின்றுவிட்டேன்.

3 மே

மூன்று நாளாகப் பழையபடி. சோற்றைப் பார்க்கவே பயம். ஆனால் இந்த முறை மறைக்கவில்லை; அம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் வந்து இருந்தார்.

9 ஜூன், திங்கள்

அம்மா மத்தியானத்துக்குள் கொடுக்கவேண்டிய கல்யாணச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும். நான் மெஷினுக்குப் பக்கத்தில் போய், "அம்மா, பசிக்குது," என்றேன்.

துணியை ஊசியோடேயே விட்டுவிட்டு எழும்பினார்.