வாசலில் ஷால் கூடை

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. வாங்க: கருப்பட்டி, கேஸ் லைட்டர், மூட்டுவலித் தைலம்.

மாலை சர்ச்சில் சபைக் கமிட்டி. கோயில் கூரை ஒழுகுவதற்குப் பத்து நிமிடம். பெண்களின் உடைக்கு ஒன்றரை மணி நேரம். தீர்மானம்: பெண்களுக்குச் சேலை, இல்லையென்றால் சுடிதார், தலையில் ஷால். பேன்ட் கூடாது. ஆண்களுக்கு? "மரியாதையான உடை." அவ்வளவுதான். இதை வாசித்த செக்ரட்டரி ஜெயசிங்குக்குச் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் திறப்பு. நரைத்த நெஞ்சு முடி முழுக்க எங்களுக்குக் காட்சி.

ஷால் இல்லாமல் வருகிறவர்களுக்குக் கொடுக்க, வாசலில் கூடையோடு ஓர் ஆள் வேண்டுமாம். "டீச்சர் நின்னா யாரும் எதிர்த்துப் பேசமாட்டாவ." கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. திருவிருந்து ஆராதனை. போன வாரம் பிஷப் கையால் திடப்படுத்தல் எடுத்த ஆறு பிள்ளைகளுக்கு இன்றுதான் முதல் திருவிருந்து, அப்பமும் ரசமும். அதில் லில்லியின் மகள் ஷைனியும்.

லில்லிக்கு அமரவிளை பெட்ரோல் பம்பில் வேலை. இரவு டூட்டி. மாற்று ஆள் பிந்தி வந்ததால் யூனிஃபார்மோடு பஸ் ஏறி நேரே வந்துவிட்டாள். பேன்ட், சட்டை, கையில் தொப்பி. முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சறே, ஒரு ஷால் தாங்க."

பின்னால் ஜெயசிங் தொண்டையைச் செருமினார்.

"வீட்டில போயி மாத்திட்டு வா மக்கா. பேன்ட் பாடில்ல," என்றேன்.

"போய்வர முக்கா மணிக்கூறு ஆவும் டீச்சறே. பிள்ள அப்பம் வாங்குயத பாக்கணும். உள்ள இருக்கண்டாம், கதவுகிட்ட நின்னுக்கிடுதேன்."

"கமிட்டி தீருமானம் ஆக்கும்."

சொன்னது நான்தான். என் வாய்தான். அவள் மழையில் இறங்கிப் போனாள்.

பிரசங்கம்: அந்தக் காலத்தில் தோள்சீலை போட்டு மார்பை மறைத்ததற்காக அடிவாங்கிய நம் பெண்கள். எல்லாரும் உருகினார்கள். நானும். தூ.

ஷைனி முன்னால் முழங்காலிடும் முன் பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பினாள். தேடினாள். நான்தான் கண்ணில் பட்டேன்.

லில்லி நனைந்த சேலையோடு வந்தபோது கடைசிப் பாட்டு. அதே நேரம் முன்வரிசையில் ஜெயசிங்கின் மருமகள், துபாயிலிருந்து வந்தவள், முதுகு முழுக்கத் திறந்த ரவிக்கையோடு. முடிந்ததும் போதகரோடு ஃபோட்டோ. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. ஜெயசிங்கிடம் ஜாடையாகக் கேட்டேன். "சேலைதானே டீச்சறே," என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

முட்டு வீக்கம். லைட்டர் மறந்தேன்.

ஷால்களைத் துவைத்தேன். யார் யாருடைய எண்ணெயோ, வியர்வையோ. இரண்டு தண்ணீர் மாற்றியும் நாற்றம் போகவில்லை. நாற்றம் ஷாலில்தானா என்றும் சந்தேகம்.

மீன் வாங்கும் இடத்தில் ஜெயசிங். "நல்லா நடந்துது. அந்த பம்புக்காரி ஓடிப்போயி மாத்திட்டு வந்தா பாத்தியளா? பயம் வேணும், ஆக்கும்." சாளை வாங்கி வந்தேன். பொரித்தது முழுவதும் பூனைக்கு.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். ஷைனி தனியாக வந்தாள். வெள்ளைச் சுடிதார், நெற்றிவரை இழுத்துவிட்ட ஷால்.

"அம்மை எங்க மக்கா?"

"பம்பில. இனி எல்லா ஞாயிறும் பகல் டூட்டி. அம்மையே கேட்டு வாங்கியாச்சு."

அவள் நகரவில்லை.

"எனக்க ஷால் செரியா இருக்கா டீச்சறே? உள்ள போலாமா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். என்னைப் பார்த்துப் பயம்.

பின்னாலிருந்து ஜெயசிங், "நல்ல பிள்ள," என்றார்.

கூடையை அவர் கையில் திணித்தேன். "டீச்சறே, எங்க போறிய, மணி அடிக்கப் போவுது." பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

இதை அமரவிளை பஸ்ஸில் எழுதுகிறேன். லில்லியிடம் சொல்ல ஒரு வார்த்தையும் தோன்றவில்லை. பம்ப் தெரிகிறது. இறங்கணும்.