மேலே போனால் நம் மலை தெரியும்

என் தட்டில் சோறு விழுந்ததைப் பார்த்த பிறகே தன் தட்டைப் பார்க்கும் என் அக்காவுக்கு,

இந்த வருஷமும் கொடைக்கானல் போய்விட்டு வந்தோம். நீ இல்லாத முதல் சீசன். இந்தத் தடவை வேண்டாமே என்று யாராவது ஒப்புக்காவது சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நான் வாழ்க்கைப்பட்ட கன்னிவாடிக்கு அண்ணன் ஆள் அனுப்பிச் சொன்னது இதுதான்: "அதான் தலைத்திவசம் முடிஞ்சிருச்சுல்ல. ஞாயித்துக்கெழமை வெள்ளனே வேன் வந்துரும். புள்ளைகளைக் கெளப்பி வைங்க." துக்கத்துக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள் அக்கா. அது தீர்ந்த கையோடு வேனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காக இரண்டு வரி. பழனி அடிவாரத்தில் தேங்காய் பழத்தட்டுக் கடை நம்முடையது. மலையேறுகிறவர்கள் செருப்பையும் மூட்டையையும் நம் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு நீ அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். வந்த மறுநாளே அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு பலகை போட்டார்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத உன் வாழ்க்கையில் யாரும் எதையும் நடக்க விடவில்லை.

ஆனால் அந்தத் தொழிலில் ஒரு நியாயம் இருந்தது, இல்லையா? வெளியூர்க் கூட்டம் வந்தால் எல்லோரும் மலையேறுவார்கள், ஒரு ஆள் மட்டும் மூட்டைக்குக் காவல் இருக்கும். ஏறினவர்கள் இறங்கி வந்ததும் காவல் இருந்த ஆள் ஏற வேண்டும். அந்த ஆளை ஏற்றாமல் ஊருக்குக் கிளம்பினால் சாமி கும்பிட்டதே கணக்கில் சேராது என்பார்கள் அடிவாரத்தில். அவசரப்படுகிறவர்களை நீயே அதட்டுவாய். "ஏங்க, உங்க ஆளு இன்னும் ஏறலையே. மூட்டையை நான் பாத்துக்கிறேன், அவுகளை அனுப்புங்க." ஊரார் வீட்டு ஆளுக்கெல்லாம் வாய் கொடுத்தாயே, உனக்கு மட்டும் ஏன் அந்த வாய் இல்லாமல் போயிற்று?

கொடைக்கானலிலும் நீதான் காவல். புளியோதரைத் தூக்கு, தயிர்சாதப் போசி, கம்பளி, பிள்ளைகளின் மாற்றுத்துணி எல்லாவற்றையும் உன்னைச் சுற்றி இறக்கிவிட்டு நாங்கள் பறந்துவிடுவோம். படகுக்கு ஒரு வருஷம், பூங்காவுக்கு ஒரு வருஷம். நாங்கள் திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குப் பசிக்கும். தின்று முடித்தால் வேன்காரர் அவசரப்படுத்துவார். உன் முறை வந்ததே இல்லை. நான் உட்காருகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீ என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவாய். "நீ போ சரசு, நான் இருக்கேன்."

நான் இருக்கேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிகிறது.

நீ கடைசியாக வந்த சீசனை மறக்க முடியுமா? பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஊருக்கு வடக்கே, பழனிப் பக்கம் பள்ளம் இறங்குகிற விளிம்பில், மைதானம் முழுக்கப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். மரணக் கிணறு, மாயக் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ராட்சத ராட்டினம். தைப்பூசக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கே மூச்சு முட்டியது. தைப்பூசத்தில் இடித்தாலும் அரோகரா என்று சொல்லி இடிப்பார்கள். இங்கே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சும்மாவே இடித்தார்கள். காணாமல் போன பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கி ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் நீ முதல் தடவையாக ஒன்றை வாய்விட்டுக் கேட்டாய். பக்கத்தில் நின்ற யாரோ சொல்லியிருக்கிறார்கள், மேகம் இல்லாவிட்டால் ராட்டினத்தின் உச்சியிலிருந்து பழனி மலை தெரியும் என்று. நீ என் காதோடு கேட்டாய். "மேலே போனா நம்ம மலை தெரியுமாமே சரசு? நானும் ஒரு சுத்து சுத்திட்டு வரவா?" நாற்பது வயசுக்காரி, பத்து வயசுப் பிள்ளை மாதிரி கண்ணை வைத்துக்கொண்டு கேட்டாய். மலையடியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து நீ மலையை முழுசாகப் பார்த்ததே இல்லை. அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "போலாம் போலாம். மொதல்ல புள்ளைக ஏறி எறங்கட்டும்."

அப்புறம் நடந்தது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய கூத்து. ராட்டினத்தில் ஏறும் முன் நம் குடும்பம் மொத்தமும் செருப்பைக் கழற்றி உன் முன்னால் வரிசையாக விட்டது. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உயரத்துக்கு ஏறுவது என்றால் செருப்பைக் கழற்றித்தான் நமக்குப் பழக்கம். தைல மரத்தடியில் செருப்பு வரிசையோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? இங்கே இதுதான் முறை போல என்று மதுரைக்காரர்களும் கோயமுத்தூர்க்காரர்களும் வரிசையாக வந்து கழற்றிவிட்டுப் போனார்கள். "பத்திரம்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். நீயும் தலையை ஆட்டினாய்.

நாங்கள் இறங்கி வந்தபோது உன்னைச் சுற்றிச் செருப்பு மலையாகக் கிடந்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பரவால்லையே, இங்கயும் கடை போட்டுட்டியே." மதினி சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள், கூட நீயும் சிரித்தாய். நான் போய் ராட்டின வரிசையில் உனக்கு இடம் பிடித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ எழுந்திருக்கவில்லை. "எப்படி வர்றது? நம்பி விட்டுட்டுப் போயிருக்காகள்ல. அவுக வந்து கேட்டா?" மழை பிடித்தது. நாங்கள் வேனுக்கு ஓடினோம். நீ பிள்ளைகளின் கம்பளியை எடுத்து, முகம் தெரியாதவர்களின் செருப்புக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டு நின்றாய். கடைசிச் செருப்புக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனபோது ராட்டினத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

சில நாளிலேயே நீ போய்ச் சேர்ந்தாய். அந்த மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இருதயம் என்றார் டாக்டர். சரி, நம்புகிறேன். அன்றைக்கு வேனில் திரும்பும்போது ஈரச் சேலையோடு "நம்ம மலை தெரிஞ்சுதா?" என்று நீ ஒவ்வொருவரிடமும் கேட்டாய். ஒரே மேகம், ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னோம். "அப்ப நல்லதாப் போச்சு" என்றாய். என்ன நல்லதாகப் போயிற்று, அக்கா?

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன். அதே பொருட்காட்சி, அதே ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் மட்டும் இன்னும் கூடுதல். அதே தைல மரம். தூக்கையும் போசியையும் இறக்கினார்கள். இறக்கிவிட்டு எல்லோரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். உன் இடம் காலியாக இருப்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. உனக்காக யாருக்காவது கண் கலங்கும் என்று பார்த்தேன். மதினி திரும்பி உன் மகளைப் பார்த்தாள். "வள்ளி, நீ இரும்மா. வெரசா வந்துருவோம்."

உன் மகளுக்குப் பதினாறு நடக்கிறது. உன் நெற்றி, உன் முழங்கை. நான் பாய்ந்துவிட்டேன். "அவ ஏன் இருக்கணும்? அவ அம்மா இருந்தது பத்தாதா?" என்றேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "ஏ புள்ள, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? யாராச்சும் ஒரு ஆள் இருந்துதானே ஆகணும்?" "அப்ப நீங்க இருங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் அண்ணனை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு. கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மாயக் கண்ணாடிப் பக்கம் நகர்ந்துவிட்டார். அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது வள்ளி சொன்னாள். "மாமாவை ஏன் சித்தி? எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க போங்க, நான் இருக்கேன்."

உன் குரல். எழுத்து பிசகாமல் உன் சொல். ஒரு குண்டுமணித் தங்கம்கூட உனக்கு விட்டுப்போக வாய்க்கவில்லை. இதைப் போய் விட்டுவிட்டுப் போயிருக்கிறாயே. இதைத்தானா அவளுக்குச் சீதனமாகச் சேர்த்துவைத்தாய்? செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். அந்த இடத்தில் நின்று உன்னை நன்றாகத் திட்டினேன்.

கையைப் பிடித்து அவளை இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் இடி, மிதி, வெயில். அவள் கழுத்து மட்டும் மரத்தடிப் பக்கமே திரும்பியிருந்தது. "செருப்பைப் போட்டுக்கிட்டே ஏறு" என்றேன். தயங்கித் தயங்கி ஏறினாள். ராட்டினம் கிளம்பி, ஆள் ஏற்றுவதற்காக நின்று நின்று மேலே போனது. எங்கள் தொட்டில் உச்சிக்கு வந்து நின்றது.

மேகம் இல்லை அக்கா. வடக்கே பள்ளத்துக்கு அப்பால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், எங்கோ தரையில், உள்ளங்கை அளவுக்குப் பழனி மலை தெரிந்தது. எத்தனையோ பேருக்கு நீ மூட்டை பார்த்த மலை, முழுசாக, தனியாக நின்றது. "வள்ளி, அங்க பாரு, நம்ம மலை" என்றேன்.

அவள் கீழே குனிந்திருந்தாள். தொட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, மாமா எந்திரிச்சு டீக்கடைக்குப் போறாரு. மூட்டைகிட்ட யாருமில்ல" என்றாள். நான் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்புவதற்குள் ராட்டினம் இறங்கத் தொடங்கிவிட்டது. கால் தரையைத் தொட்டதும் மூட்டையைப் பார்க்க ஓடிவிட்டாள். எதுவும் களவு போகவில்லை. களவு போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இனி நான் சொல்வதைக் கேள். அடுத்த சீசனுக்கு அண்ணன் வேன் வேண்டாம். வள்ளியை நான் மட்டும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவேன். தூக்கு இல்லை, போசி இல்லை, கம்பளி இல்லை. குளிர்ந்தால் குளிரட்டும், பசித்தால் கடையில் வாங்கித் தின்போம். காவல் காக்க ஒரு கைக்குட்டைகூட எடுத்துப் போகமாட்டோம். அந்த ராட்டினத்தில் அவளை ஏற்றுவேன். அன்றைக்கு மேகமாக இருந்தால் அதற்கடுத்த வருஷமும் ஏற்றுவேன். உச்சியில் நிற்கும்போது அவள் கீழே பார்க்காமல் நிமிர்ந்து நம் மலையைப் பார்க்கிற வரைக்கும் விடமாட்டேன். இது உன் மேல் ஆணை.

நீ அங்கேயும் யாருடைய மூட்டைக்காவது காவல் இருந்தால், போட்டுவிட்டு எழுந்து வா.

ஒவ்வொரு தடவையும் உன்னை மரத்தடியில் விட்டுவிட்டு ஏறிப்போன உன் தங்கை,
சரசு
கன்னிவாடி