பெரியம்மாவின் காலி டம்ளர்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் அன்றாடப் பிரார்த்தனை. இங்கே அனைவரும் நலம் என்று எழுதப் பழகிய கை, இந்த முறை தயங்குகிறது.

போன வாரம் உன் பெரியம்மா குளியலறை வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்து, "யாரும்மா நீங்க? என் தங்கச்சி ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா?" என்றாள். அவள் கிண்டல்தான் உனக்குத் தெரியுமே, சிரித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாக்கு வறண்டு பேச்சுக் குழறிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "உடம்புல தண்ணியே இல்லையேம்மா, வீட்ல யாரும் பாக்கலையா?" என்று என்னிடமே கேட்டார். நானா பார்க்காதவள்? டம்ளரில் ஊற்றி வைப்பவளும் நான், காலி டம்ளரைக் கழுவுபவளும் நான். அவள் நாற்காலியருகே தொட்டிச் செடி வேரோடு அழுகியபோதுகூட, வெயில் போதவில்லை என்றுதான் நினைத்தேன்.

சலைன் ஏறித் தெளிந்ததும், தண்ணீரை ஏன் செடிக்கு ஊற்றினாய் என்று கேட்டேன். "ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போய் அந்த இருட்டு வராந்தால விழுந்து வைக்கவா? கூடவே வான்னு உன்ன எழுப்ப நான் என்ன கைக்குழந்தையா?" என்றாள். அவளை எப்படித் திட்டுவேன்? வகுப்பு நடுவே வெளியே போகக் கை தூக்குவது அவமானம் என்று, தண்ணீரே குடிக்காமல் கான்வென்ட்டுக்குப் போனவர்கள் நாங்கள் இருவரும். அதைக் கட்டுப்பாடு என்று இன்றும் பெருமை பேசுகிறோம். பேத்தியிடம் சொல், வெட்கப்படாமல் கை தூக்கட்டும்.

இந்த வயதில் தாகம் வந்து எச்சரிக்காதாம். அதற்குக் காத்திராமல் சாப்பாட்டோடும் மாத்திரையோடும், இடையிடையேயும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், படுக்கும் நேரத்தில் குறைத்துக்கொள்ளலாம், சிறுநீர் அடர்மஞ்சளானால் உஷாராக வேண்டும் என்றார் டாக்டர். உன் மாமியாருக்கும் சொல். ஆனால் அவர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர், அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்.

வராந்தாவில் விளக்குப் போட்டாயிற்று. பெரியம்மா என் கண்ணெதிரேதான் குடிக்கிறாள், முறைத்துக்கொண்டே. என்னைப் பார்க்கத்தான் ஆளில்லை. நேற்று மாலை வரை ஒரு வாய் குடித்ததாக நினைவில்லை. கடைக்குப் போய்த் திரும்புகையில் நம் தெருமுனையிலேயே, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றேன். பெரியம்மாவிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் என் ஆசிகள். ஒன்று மட்டும் மறக்காதே. போனில் நலமா என்று கேட்காதே, நலம் என்றுதான் சொல்வேன். இன்று என்ன கிழமை என்று கேள். எனக்குக் கோபம் வரும், திட்டுவேன். எவ்வளவு திட்டினாலும், பதில் சொல்லும்வரை போனை வைக்காதே.

உன் அன்பு
அம்மா