பச்சைக்குப் பதில் சிவப்பு

மார்ச் 3, திங்கள்
கட்டட சைட்டில் புதுமுறை ஆரம்பம். திங்கட்கிழமை ஒவ்வொரு மேற்பார்வையாளரும் அந்த வாரம் எதை முடிப்பேன் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை நான் பலகையில் முடிந்ததற்குப் பச்சை ஒட்டுவேன், முடியாததற்குச் சிவப்பு. சொன்னதில் நூற்றுக்கு எத்தனை முடிந்ததோ அதுதான் மதிப்பெண். முக்கால்வாசி முடிந்ததற்கும் சிவப்புதான்.
கொத்தனாரும் பெயின்டரும் எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்றார்கள். பிளம்பிங் பார்க்கும் பெண் மட்டும் எடுத்ததற்கெல்லாம் "முடியாது". குழாய் வரவில்லையாம், சுவர் தயாரில்லையாம். எனக்கு ஒரே கடுப்பு.

மார்ச் 8, சனி
எல்லாருக்கும் சேர்த்து மதிப்பெண் நாற்பத்தைந்து. ஆயிடும் என்றவர்களுக்கெல்லாம் சிவப்பு. பிளம்பிங் பெண் ஒப்புக்கொண்டது கொஞ்சம்தான், ஆனால் அவருக்கு மட்டும் அத்தனையும் பச்சை! கடுப்பு போன இடம் தெரியவில்லை.

மார்ச் 15
அவருக்கு மறுபடி நூறு. ஆட்கள் அவருக்கு 'மேடம் முடியாது' என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கோ அவர் வேலை பார்க்கும் மூன்றாம் மாடியில் அடிக்கடி ஏதாவது சோலி வந்துவிடுகிறது.

மார்ச் 22
புத்தி கெட்டுப்போச்சா எனக்கு? இந்த வாரம் குளியலறைக் குழாய்களில் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்துவிடுவதாக அவர் சொன்னது பாக்கி. அவர் பேருக்கு நேரே சிவப்பு ஒட்டக் கை வரவில்லை. பச்சை ஒட்டினேன்.
நேராக வந்து நின்றார். "இத நம்பி டைல்ஸ்காரர் திங்கக்கிழமை ஆள் கூட்டிட்டு வருவாரு. அவங்க சும்மா உக்காந்துட்டுப் போகணுமா? எனக்காகப் பொய் சொல்லாதீங்க சார்."
முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சிவப்பை ஒட்டிவிட்டு, ஏன் முடியவில்லை என்று கேட்டேன். பம்பு வரவில்லையாம். அதை வரவழைப்பதாகச் சொன்னவன் நான்தான் — சுத்தமாக மறந்திருக்கிறேன். காரணம் எழுதும் கட்டத்தில் என் பேரையே எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தார். சிவப்பு வாங்கிச் சிரிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 29
மொத்தம் எண்பத்திரண்டு. இந்த வாரம் கொத்தனாரே ஒரு வேலைக்கு "முடியாது" என்று வாய் திறந்து சொல்லியிருந்தார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

ஏப்ரல் 2
'மேடம் முடியாது'விடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடலாமா? முடியாதுன்னுட்டா? அவர் சொன்னால் சொன்னதுதான். பயமா இருக்கு.

ஏப்ரல் 5, சனி
கேட்டேவிட்டேன். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு, டீக்கடையில். அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார்.
"உங்க அம்மாகிட்ட சொல்லியாச்சா?"
இல்லை என்றேன்.
"எங்க வீட்ல போன வாரமே சொல்லிட்டேன். அப்பாவுக்குச் சம்மதம். நீங்க கேக்கறதுதான் பாக்கி இருந்துச்சு."
சந்தோஷத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீடு வந்திருக்கிறேன். அம்மா சமையலறையில் இருக்கிறாள். போய்ச் சொல்ல வேண்டும்.