இலைச்சாறு கொல்லவில்லை

ஜூன் 10, காலை ஏழரை மணி. ஆய்வுத் தட்டின் அறுபது குழிகளில் கணையப் புற்றுச் செல்கள் செத்துக் கிடக்கின்றன.

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவுக்கு வலி எப்படி?

இலைச்சாறு புற்றைக் கொல்கிறது என்று போன வாரம் போனில் குதித்தேனே, அது தப்பு. சாறே விடாமல், அதைக் கரைக்கும் ஆல்கஹாலை மட்டும் விட்ட குழிகளிலும் செல்கள் செத்துவிட்டன. "உன் இலை நிரபராதிப்பா" என்று மேலாளர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

"எம்புள்ள மருந்து வருது, ஊசி எதுக்கு?" என்று தன் புற்றுக்கான கீமோ ஊசிக்குப் போக மறுக்கிறாராமே அப்பா. வராது, அம்மா.

அவர் வழக்கம்போல என்னைத் திட்டுவதைப் போனில் பதிந்து அனுப்பு. இங்கே என்னைத் திட்ட ஆளில்லை. வேலை அழைக்கிறது. இனி செய்யப்போவது:

1. ஆல்கஹாலைக் குறைத்து மறுபடி சோதிப்பேன்.
2. ஞாயிறன்று அப்பாவிடம் நானே சொல்வேன்: "ஊசிக்குப் போங்கப்பா."
3. லீவு கேட்டு, வெறுங்கையோடு வருவேன்.